தானாய்த் திறந்த கதவும் தட்டப்பட்ட கதவும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 12:6-16, நெகேமியா 2:11-18, உபாகமம் 22:8



இந்த வாரம் ஒரு கதவைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அது நீங்கள் நன்கு அறிந்த கதவுதான். ஞாயிறுதோறும் அதன் வழியாகவே நீங்கள் ஆராதனைக்கு வருகிறீர்கள். போதகர் இல்லத்துக்கும் ஆலய வளாகத்துக்கும் பொதுவாக நிற்கும் அந்தச் சறுக்குக் கதவு சென்ற மழைக்காலத்தின் முடிவில் பழுதுபட்டது. அதைச் சரிசெய்த வரலாறு சிறியது. ஆனால் அதில் நம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் உரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

நாம் வாழும் இந்தப் பகுதியே கதவுகளின் ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை கார்களைச் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சாலைகளில் எங்கு நோக்கினும் பெரிய தானியங்கிக் கதவுகளே கண்ணில் படும். ஷிப்ட் பேருந்து வந்து நின்றதும் கதவு விலகும். பேருந்து உள்ளே சென்றதும் கதவு மூடும். அதைப் பார்த்துப் பழகிய நம்மில் பலர், ஏரிப் பாசன வயல்களாயிருந்த மனைகளில் வீடு கட்டியபோது தம் வாசலுக்கும் அதையே விரும்பினர். நம் வளாகத்துக் கதவுக்கு மோட்டார் வந்த காரணம் வேறு. என் துணைவியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த பின், பதினான்கு அடி நீள இரும்புக் கதவைத் தள்ள அவர்களால் இயலவில்லை. அதைக் கண்ட சபைக் குடும்பம் ஒன்று அன்போடு அந்த மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தது.

பழுது இவ்வாறு தொடங்கியது. கதவு ஒழுங்காகத் திறக்கும். மூடும்போது ஏறத்தாழ நான்கு அடி மிச்சமிருக்கையில் நின்று, சற்றுத் தயங்கி, மறுபடியும் முழுவதும் திறந்துகொள்ளும். இரவு பத்து மணிக்கும் அப்படியே. விடியற்காலை ஜெபத்துக்கு வருவோர் வரும் வேளையிலும் அப்படியே. நாங்கள் அழைத்த தொழிலாளர் ஒருவர் வந்தார். மோட்டாரின் மூடியைக் கழற்றினார். உள்ளே எதையோ ஒரு ஸ்க்ரூடிரைவரால் திருப்பினார். கதவு மூடிக்கொண்டது. ஐந்து நிமிட வேலை. கூலியைப் பெற்றுக்கொண்டு சென்றுவிட்டார். என்ன செய்தார் என்று அவர் விளக்கவில்லை. பதினைந்து நாள் கழித்துக் கதவு பழையபடி பாதியில் திரும்பத் தொடங்கியது.

அப்போது, தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் நம் சபைத் தம்பி ஒருவர், இரவுப் பணி முடித்து வீட்டுக்குச் செல்லும் வழியில் கதவைப் பார்க்க வந்தார். அவர் செய்த முதல் காரியம் எனக்கு வியப்பைத் தந்தது. மோட்டாரை அவர் திறக்கவே இல்லை. கதவருகே நின்று, ரிமோட்டை என் கையில் கொடுத்து, "ஒரு பத்து தடவ மூடித் திறங்க ஐயா, நான் பாக்குறேன்" என்றார். பத்து முறையும் கதவு ஒரே இடத்தில் நின்றது. தரையில் சுண்ணக்கட்டியால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்.

பழுது பார்க்கும் கலையின் பாதி அந்தச் சுண்ணக்கோட்டில் இருந்தது என்று பின்னர் அவர் விளக்கியபோது புரிந்துகொண்டேன். மூடுகிற கதவு திரும்பிப் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உண்டு. ஒன்று, வாசலின் இரு பக்கத் தூண்களிலும் பொருத்தியிருக்கும் சென்சார். ஒரு தூணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் புறப்பட்டு மறு தூணில் இருக்கும் சிறு கண்ணில் விழுகிறது. இடையில் ஆளோ வண்டியோ வந்தால் கதிர் தடைபடும்; கதவு நின்று திரும்பும். சிலந்தி கூடு கட்டினாலும், தூசி படிந்தாலும், தூண் சற்றே அசைந்து இரு கண்களும் நேர்கோட்டை விட்டு விலகினாலும், மாலை வெயில் நேராகக் கண்ணில் விழுந்தாலும் அதே விளைவுதான். இரண்டாவது காரணம், கதவு எதன் மீதாவது முட்டும்போது மோட்டாருக்கு ஏற்படும் கூடுதல் பாரம். அந்தப் பாரம் குறித்த அளவைத் தாண்டினால், எதிரே ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்து போர்டு கதவைத் திருப்பிவிடும். சென்சாரில் கோளாறு என்றால் கதவு எந்த இடத்திலும் திரும்பலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திரும்பினால், அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

அடுத்து அவர் சாவியைக் கேட்டார். இத்தகைய மோட்டார்களில் ஒரு சிறு சாவி உண்டு. அதைத் திருப்பி நெம்புகோலை இழுத்தால், மோட்டாரின் பல்சக்கரம் கதவின் அடியில் உள்ள பல் வரிசையிலிருந்து விடுபடும். பிறகு கதவு சாதாரணக் கதவாகிவிடும்; கையால் தள்ளலாம். மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்று வைக்கப்பட்ட வசதி அது. பழுதைக் கண்டறிவதற்கும் அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஏனெனில் கதவை மோட்டாரிலிருந்து பிரித்துத் தள்ளும்போது, குற்றம் மோட்டாருடையதா கதவுடையதா என்பது கைக்கே தெரிந்துவிடுகிறது. தம்பி ஒரு கையால் தள்ளினார். கதவு இலகுவாக ஓடியது. சுண்ணக்கோட்டுக்கு வந்ததும் நின்றது. இரு கைகளாலும் தோளாலும் அழுத்திய பின்னரே அந்த இடத்தைக் கடந்தது.

"மோட்டார் பொய் சொல்லல ஐயா. டிராக்தான் எறங்கியிருக்கு" என்றார்.

உண்மை அதுதான். நம் பகுதியின் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் போட்ட மெல்லிய கான்கிரீட், தண்ணீர் லாரியின் பாரம் ஏறி இறங்கிய இடத்தில் விரிந்து அமுங்கியிருந்தது. அதனோடு சேர்ந்து இரும்புத் தடமும் விரற்கடை அளவு பள்ளமாகியிருந்தது. கதவின் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி மேலேற முயலும்போது மோட்டாருக்குப் பாரம் கூடியது. எதிரே யாரோ இருக்கிறார்கள் என்று எண்ணி அது திரும்பியது. பழுதென்று நாம் நினைத்தது, அந்த இயந்திரம் தன் கடமையைச் செய்ததன் அடையாளமே.

அப்படியானால் முன்பு வந்தவர் எதைத் திருப்பினார்? தம்பி மூடியைக் கழற்றிப் பார்த்தார். கதவு எவ்வளவு விசையோடு தள்ளலாம் என்பதைக் குறிக்கும் ஒரு சிறு திருகு அங்கே இருக்கிறது. அது கடைசி எல்லைவரை கூட்டி வைக்கப்பட்டிருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. சமையலறைப் பக்கம் கிடந்த காலியான இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கேட்டு வாங்கினார். கதவு வந்து சேரும் தூணின் அடியில் அதைப் படுக்க வைத்தார். சென்சாரின் கதிர் முழங்காலுக்குச் சற்று மேலே செல்கிறது; கேன் அதற்குக் கீழே கிடந்தது. கதவைக் கையால் பள்ளத்துக்கு அப்பால் கொண்டுவந்து, மோட்டாரை இணைத்து, ரிமோட்டை அழுத்தினார். கதவு வந்தது. கேனைத் தொட்டது. நிற்கவில்லை. கேன் நசுங்கி வெடித்த சத்தம் கேட்டு என் துணைவியார் வெளியே ஓடி வந்தார்கள். அதன் பிறகே கதவு நின்று பின்வாங்கியது.

சபையாரே, அந்தத் தூணின் அருகில்தான் நம் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி விடுகிறார்கள். கதவு நகரும்போது அதன் கம்பியைப் பற்றிக்கொண்டு கூடவே ஓடுவது அவர்களுக்கு விளையாட்டு. நான் நசுங்கிய கேனைப் பார்த்தேன். தம்பியும் பார்த்தார். அன்றே மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம்.

இது கற்பனையான அச்சம் அன்று. 2010-ஆம் ஆண்டின் கோடையில், இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் வேல்ஸ் நாட்டின் பிரிட்ஜெண்டிலும், ஒரு வாரத்துக்குள் இரண்டு சிறுமிகள் மின்கதவில் சிக்கி இறந்தார்கள். ஒருத்திக்கு வயது ஆறு, மற்றவளுக்கு ஐந்து. அதன் பின்னர் அந்நாட்டின் பாதுகாப்புத் துறை மின்கதவுகளைக் குறித்து எச்சரிக்கைகளை வெளியிட்டது. அமெரிக்காவிலோ, வீட்டுக் கார் கொட்டகைக் கதவுகளில் பிள்ளைகள் சிக்கி இறந்த துயரத்துக்குப் பின், 1990-இல் சட்டம் இயற்றினார்கள். 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் அத்தகைய தானியங்கிக் கதவுகளில், யாரும் சிக்கிக்கொள்ளாதபடி காக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. ஐரோப்பியத் தரவிதி இன்னும் நுட்பமானது. மூடும் விளிம்பு ஒருவர் மேல் மோதும் கணத்தில் அதன் விசை 400 நியூட்டனுக்கு மேற்படக் கூடாது என்கிறது. அது ஏறத்தாழ நாற்பது கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். பின்னர் அந்த அழுத்தம் விரைவாகத் தணியவும் வேண்டும். இந்த அளவை மதிக்கும் பொருட்டே அந்தச் சிறு திருகு இருக்கிறது.

ஆலைகளில் வேலை செய்யும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரஸ் இயந்திரத்தின் முன் ஒளித்திரை எதற்காக இருக்கிறது, இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய பொத்தான்கள் எதற்காக இருக்கின்றன என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21-ஆம் பிரிவில், ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. ஆனாலும், உற்பத்தி எண்ணிக்கை குறைகிறதென்று சென்சாரின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் பழக்கம் எங்கெங்கும் உண்டு. சேஃப் இன் இந்தியா என்னும் தொண்டு அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற தலைப்பில் அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. வாகன உதிரிபாகத் தொழிலில் பவர் பிரஸ்களில் விரல்களையும் கைகளையும் இழந்தவர்களின் கணக்கு அவற்றில் இருக்கிறது. அந்தக் கணக்கு ஆயிரக்கணக்கில் செல்கிறது. நாம் ஓட்டும் வண்டியின் உதிரிபாகம் ஒன்றைச் செய்த கையில் எத்தனை விரல்கள் மிஞ்சியிருக்கின்றன என்று நாம் கேட்பதில்லை.

ஆலைக்கு ஆய்வாளர் வருவார். வீட்டு வாசலுக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. ஆகவேதான் வேதாகமம் வீட்டுக்காரனோடு நேரடியாகப் பேசுகிறது. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பெரிய பலிகளையும் பண்டிகைகளையும் பேசிய மோசே, திடீரென்று ஒரு புதுவீட்டின் மாடியைக் காட்டுகிறார். அந்த மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு என்கிறார். இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவனுடைய இரத்தப்பழி உன் வீட்டின்மேல் சுமரும் என்கிறார். விழுந்தவன் ஏன் கவனமாக இருக்கவில்லை என்று அந்தக் கட்டளை கேட்கவில்லை. விருந்தாளி கவனக்குறைவாக இருப்பான், பிள்ளை ஓடும், இருட்டில் கால் தவறும் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு, அவனுக்காக நீ சுவரைக் கட்டு என்கிறது. அக்காலத்து இஸ்ரவேலர் வீடுகளில் தட்டையான மாடி, குடும்பம் கூடும் இடமும் தூங்கும் இடமுமாக இருந்தது. இன்று நம் வீட்டில் மாடிக்குச் சுவர் இருக்கிறது. வாசலுக்கு மோட்டார் வந்திருக்கிறது. கைப்பிடிச்சுவர் எங்கே தேவை என்பதைக் காலந்தோறும் புதிதாகக் கண்டுகொள்வதே அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிதல்.

தடத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடவேண்டும் என்றதும் சபைக் குழுவில் பேச்சு எழுந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. கீதபவனிக்கு வண்டிகள் வந்து போகவேண்டும். பண்டிகை முடியும்வரை அந்தத் திருகு அப்படியே இருக்கட்டும், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மூத்த சகோதரர் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. செலவைக் குறித்தும் காலத்தைக் குறித்தும் கவலைப்படுவது அவருடைய பொறுப்பு. தம்பி பதிலாக எதையும் வாதாடவில்லை. நசுங்கிய கேனைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த அந்த மூத்த சகோதரரே, அவருக்கு அந்த வயதில் பேரப்பிள்ளை இருக்கிறது, "நாளைக்கே கொத்தனார வரச் சொல்லுங்க" என்றார்.

இங்கே நெகேமியாவை நினைவுகூருகிறேன். எருசலேமின் அலங்கம் இடிந்தும் வாசல்கள் அக்கினியால் சுட்டெரிக்கப்பட்டும் கிடந்தன. அவர் நகருக்கு வந்து மூன்று நாள் இருந்தார். பிறகு இரவில் எழுந்து, சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கின் வாசல் வழியாய்ப் புறப்பட்டு, ஒவ்வொரு இடமாகப் பார்வையிட்டார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் கடந்துபோக வழியில்லாத அளவுக்கு இடிபாடு இருந்தது. தம் மனத்தில் இருந்ததை அதுவரை யாருக்கும் சொல்லவில்லை. முழுவதும் பார்த்த பிறகே வேலையைப் பேசினார். அதன் பின் அந்த அலங்கம் ஐம்பத்திரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் அதிகாரத்தை வாசித்தால், ஆட்டுவாசலும் மீன்வாசலும் தண்ணீர்வாசலும் பெயர் பெயராக வருகின்றன; பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள் என்பதும் வருகிறது. முதலில் பார்வை, பிறகு பேச்சு, பிறகு வேலை. நம் தம்பி சுண்ணக்கட்டியோடு கதவருகே நின்றதும் இந்த ஒழுங்குதான்.

நம் குடும்பங்களில் எழும் பழுதுகளையும் நாம் பெரும்பாலும் திருகைக் கூட்டியே சரிசெய்கிறோம். பிள்ளை படிப்பில் பின்வாங்கினால் அதட்டலைக் கூட்டுகிறோம். கணவன் மனைவிக்கிடையே பேச்சு நின்றால் குரலை உயர்த்துகிறோம். தொடர்ந்து இரவுப் பணி செய்யும் ஒருவர் ஆராதனையில் சோர்ந்தால், இன்னும் ஊக்கமாயிருக்கும்படி அவருக்குப் புத்தி சொல்கிறோம். ஒரு மனிதர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று திரும்புகிறார் என்றால், தள்ளும் விசையைக் கூட்டுமுன் அந்த இடத்தில் தரை அமுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டாமா? கூட்டிய விசையில் அவர் அந்த இடத்தைக் கடந்தும் விடுவார். ஆனால் கூட்டிய விசை அந்த ஓரிடத்தோடு நிற்பதில்லை. வாசல் முழுவதிலும் அது வேலை செய்யும். குறுக்கே வரும் சிறியவரையும் அதே பலத்தோடு தள்ளும். வீட்டில் உயர்ந்த குரல் யாருக்காக உயர்ந்ததோ அவரைவிட, மூலையில் நிற்கும் பிள்ளையையே அதிகமாய்க் காயப்படுத்துவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இனி அந்தக் கதவின் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். கொத்தனார் ஐந்தடி நீளத்துக்குப் பழைய கான்கிரீட்டை உடைத்து, ஆழமாய்த் தோண்டி, கம்பி கட்டி, புதிதாய்ப் போட்டார். ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்றவேண்டும் என்றார். அதுவரை கதவை ஒரு ஆள் போகும் அளவுக்கே திறந்தோம். அதிகாலையில் வருகிறவர் தட்டுவார். உள்ளே இருப்பவர் எழுந்து போய்த் திறப்பார். இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவு பதினொரு மணிக்கு வந்து, மருத்துவமனையிலிருக்கும் தம் தாயாருக்காக ஜெபிக்கக் கேட்ட ஒரு மகனை அந்த வாரத்தில் நான் வாசலிலேயே சந்தித்தேன். ரிமோட் இருந்த நாட்களில் அவர் வந்திருந்தால், நான் மாடியிலிருந்தே பொத்தானை அழுத்தியிருப்பேன்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரம் இந்த இரண்டு வகைக் கதவுகளையும் அருகருகே வைக்கிறது. பேதுரு சிறைச்சாலையிலிருந்து புறப்படுகிறார். முதலாம் காவலையும் இரண்டாம் காவலையும் கடந்து நகரத்துக்குப் போகும் இருப்புக் கதவண்டை வருகிறார். அது தானாகத் திறக்கிறது. அங்கே மூலமொழியாகிய கிரேக்கத்தில் நிற்கும் சொல் 'ஆட்டோமாட்டே'. இன்று நாம் 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்வது அந்தச் சொல்லின் வழி வந்ததே. புதிய ஏற்பாடு முழுவதிலும் அச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று மாற்கு 4:28. விதைத்தவன் அறியாதிருக்க, நிலம் தானாய்ப் பலன் தருவதைச் சொல்லும் இடம். முளைக்கும் விதையும் திறக்கும் சிறைக்கதவும் மனிதக் கையின் வேலை அல்ல என்பதற்கே அந்தச் சொல் பயன்படுகிறது.

ஆனால் அதே இரவில், அதே பேதுரு, மாற்கின் தாயாகிய மரியாளின் வீட்டு வாசலுக்கு வரும்போது கதவு தானாகத் திறக்கவில்லை. அவர் தட்டுகிறார். ரோதை என்னும் பெண் வருகிறாள். சத்தத்தை அறிந்து, சந்தோஷத்தால் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் நம்பவில்லை. பேதுருவோ தட்டிக்கொண்டே இருக்கிறார். இரும்புக் கதவைத் திறந்த தேவனால் அந்த மரக்கதவைத் திறக்க முடியாதா? முடியும். ஆனால் அது சபையின் கதவு. மனிதரால் திறக்கக்கூடாததை ஆண்டவர் திறந்தார்; அவர்கள் திறக்கவேண்டியதை அவர்களுக்கே விட்டுவைத்தார். நம் வாசலில் மோட்டார் இருப்பதில் தவறில்லை. முழங்கால் நோகிறவர்களுக்கு அது நல்ல உதவி. என்றாலும், யார் வந்திருக்கிறார் என்று பார்க்கும் வேலையையும், யார் குறுக்கே நிற்கிறார் என்று கவலைப்படும் வேலையையும் எந்த மோட்டாரிடமும் நாம் ஒப்படைக்க முடியாது.

புதிய தடத்தில் கதவு இப்போது ஒரு கையின் பலத்தில் ஓடுகிறது. திருகு குறைந்த அளவுக்கு இறக்கப்பட்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இன்னொரு சென்சார் பொருத்தினோம். மூடும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினோம். வேறொரு காலிக் கேனை வைத்துத் தம்பி மறுபடியும் சோதித்தார். கதவு அதைத் தொட்டதும் நின்று பின்வாங்கியது. கேனில் ஒரு நெளிவும் இல்லை.

உங்கள் வீட்டில் இத்தகைய கதவு இருந்தால், அன்புகூர்ந்து இந்த வாரத்தில் சில காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள அனைவரும், வயதான பெற்றோர் உட்பட, அறிந்திருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைப் புறநகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை மறக்கவேண்டாம். அப்படிப்பட்ட இரவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால், சாவியைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. இரண்டாவது, மாதம் ஒருமுறை கதவை மோட்டாரிலிருந்து விடுவித்துக் கையால் தள்ளிப் பாருங்கள். கனமாயிருந்தால் தடத்தையும் சக்கரத்தையும் கவனியுங்கள். ஜல்லியும் மண்ணும் சேர்ந்திருந்தால் பெருக்கித் தள்ளுங்கள். மூன்றாவது, கதவு மூடும்போது ஒரு துடைப்பக் கட்டையைக் கதிரின் குறுக்கே நீட்டுங்கள். கதவு திரும்பாவிட்டால், யாரோ சென்சாரைக் கம்பியால் இணைத்துவிட்டுப் போயிருக்கக்கூடும். நான்காவது, ஒரு காலிக் கேனையோ அட்டைப் பெட்டியையோ தூணருகே படுக்க வைத்து விசையைச் சோதியுங்கள். ஐந்தாவது, தடத்தின் இரு முனைகளிலும் உறுதியான ஸ்டாப்பர் இருக்கிறதா, கதவின் மேற்பகுதியைப் பிடித்திருக்கும் உருளைகள் தேயாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தடத்தை விட்டு விலகிச் சாய்ந்த கதவின் கீழ்ப் பிள்ளைகள் அகப்பட்ட செய்திகளை நாம் நாளிதழ்களில் வாசித்திருக்கிறோம். மோட்டார் ரீங்காரமிட்டும் நகராவிட்டால், கெபாசிட்டர் பழுதாகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், தெரிந்தவரைக் கொண்டே அதைத் தொடுங்கள். சரிசெய்ய வருகிறவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால், எதைத் திருப்பினார் என்று அன்போடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆலைகளின் பராமரிப்புப் பிரிவுகளில் உழைக்கும் சகோதரருக்கு ஒரு சொல். உற்பத்தி நிற்கிறதென்று மேலிருந்து அழுத்தம் வரும்போது, அந்தத் துண்டுக் கம்பியை மாட்ட மறுப்பதும் ஓர் ஊழியமே. அதற்கு நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள். விரல் இழக்காதவருக்குத் தாம் எதை இழக்கவில்லை என்பது தெரியாது. கைப்பிடிச்சுவர் கட்டிய வீட்டிலும் அப்படித்தான். விழாதவர் அதைக் குறித்து யோசிப்பதில்லை. ஆண்டவர் அதைக் காண்கிறார்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்கள் வாசல்களின் வழியாய் வருகிற ஒவ்வொருவரையும், முக்கியமாய்ச் சிறு பிள்ளைகளையும், பாதுகாத்தருளும். அமுங்கிய தரையைக் குனிந்து பார்க்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயந்திரங்களின் நடுவே உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் கைகளைக் காத்தருளும். எங்களுக்கு நீர் விட்டுவைத்த கதவுகளை நாங்கள் எழுந்து போய்த் திறக்க உதவி செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.